ஏழு வருஷம் ஒரே கொள்முதல் மென்பொருள்: சேவைகளை வாங்கியதில் கண்டது

2018 ஏப்ரலில் எங்கள் கம்பெனியில் ஒரு கொள்முதல் மென்பொருளைச் சந்தாவுக்கு எடுத்தோம். எங்கள் ஊர் திருநெல்வேலி. ஆலை கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில், தலைமை அலுவலகம் பாளையங்கோட்டையில், கிடங்கு தூத்துக்குடி ரோட்டில். நான் பர்ச்சேஸ் பிரிவைப் பார்க்கிறேன். லேப்டாப், சர்வர் போன்றவை போக, சாஃப்ட்வேர் லைசென்ஸ், இன்டர்நெட் லைன், ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், வண்டி வாடகை, சம்பளக் கணக்குப் போட்டுத் தரும் வெளி நிறுவனம் என்று கையில் தூக்கிப் பார்க்க முடியாதவை எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். குறைகளையும் சொல்லப்போவதால் மென்பொருளின் பெயரை எழுதவில்லை. அதுவும் போக, மற்ற கம்பெனிகளில் இதே வேலை பார்க்கிறவர்களோடு பேசியதில், எதை வாங்கினாலும் ஏறக்குறைய இதே இடங்களில்தான் இடிக்கிறது என்று தெரிந்தது.

இதை எடுப்பதற்கு முன்னால் எல்லாம் எக்செலிலும் ஃபைலிலும்தான். எந்த லைசென்ஸ் எப்போது முடிகிறது என்பது ஐ.டி. பிரிவில் இருந்த ஒருவரின் டைரியில் இருந்தது, அவர் வேலையை விட்டுச் சென்னைக்குப் போனதும் டைரியும் போயிற்று. மெயில் சேவை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: வேண்டாம் என்றால் 60 நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் தானாக இன்னொரு வருஷத்துக்கு நீளும். யாரும் அதைக் கவனிக்கவில்லை. 95 பேர் பயன்படுத்திய இடத்தில் 140 பேருக்கு ஒரு வருஷம் முழுக்கப் பணம் கட்டினோம். மென்பொருளில் எனக்கு முதலில் பிடித்தது இதற்குக் கிடைத்த வழிதான். ஒப்பந்தம் முடியும் தேதியோடு, மறுப்புச் சொல்ல வேண்டிய கடைசித் தேதியையும் தனியாக ஏற்றலாம், அதற்கு 30 நாள் முன்னால் எனக்கும் அந்தச் சேவையைப் பயன்படுத்தும் பிரிவுத் தலைவருக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் மெயில் வந்துவிடும். அதன் பிறகு எங்களுக்குத் தெரியாமல் நீண்ட ஒப்பந்தம் ஒன்றுகூட இல்லை. இந்த ஒன்றுக்காகவே கட்டிய சந்தா தகும் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அப்ரூவல் போனிலேயே கிடைக்கிறது, பழைய பி.ஓ.க்களை (கொள்முதல் ஆர்டர்களை) தேடினால் நொடியில் வருகிறது, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பது ஆடிட்டர் கேட்டால் காட்டும்படி இருக்கிறது. இவற்றில் குறையே இல்லை.

கொட்டேஷன் ஒப்பீட்டில்தான் முதல் சிக்கல். லேப்டாப் என்றால் மூன்று கொட்டேஷனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ஏ.எம்.சி.க்கு அது சரிவராது, ஒருவர் உதிரிபாகத்தையும் சேர்த்து விலை சொல்லியிருப்பார், இன்னொருவர் ஆள் வந்து பார்ப்பதற்கு மட்டும் சொல்லியிருப்பார், மூன்றாமவர் மதுரையிலிருந்து ஆள் வர வேண்டிய செலவைத் தனியாகக் கேட்பார், மென்பொருளோ மூன்றையும் வெறும் தொகையாகப் பார்த்துக் குறைந்ததற்குப் பச்சை நிறம் போடும். மேலே இருப்பவர் பச்சையைப் பார்த்து அப்ரூவ் செய்துவிடுவார். இரண்டு வருஷம் இப்படி யு.பி.எஸ். பராமரிப்பைக் குறைந்த விலைக்கு எடுத்து, பேட்டரிக்கும் போர்டுக்கும் தனியாகக் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தால் அதிக விலை சொன்னவரையே தாண்டியிருந்தது. இப்போது கொட்டேஷன் கேட்பதற்கு முன்னாலேயே எது சேரும், எது சேராது, எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும் என்று ஒரு பக்கம் நாங்களே எழுதி எல்லோருக்கும் அதையே அனுப்புகிறோம். அந்தப் பக்கத்தில் விலையைத் தவிர வேறு எதையும் அவர்கள் மாற்றக் கூடாது.

அடுத்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பொருள் வந்தால் ஸ்டோர்ஸில் எண்ணிப் பார்த்து, ஜி.ஆர்.என். (பொருள் வந்து சேர்ந்ததற்கான பதிவு) போட்ட பிறகுதான் பில் நகரும். சேவைக்கு ஸ்டோர்ஸ் கிடையாது. மென்பொருளில் ஹவுஸ்கீப்பிங் என்பது மாதம் ‘1 எண்ணம்’, அவ்வளவுதான். மாதக் கடைசியில் யாரோ ஒருவர் ‘வந்துவிட்டது’ என்று தட்டினால் முழுத் தொகையும் போய்விடும். ஒரு வருஷம் ஆனி மாத பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, அலுவலகம் மூடியிருந்தது, ஆலை மட்டும் ஓடியது, அங்கேயும் ஒப்பந்த ஆட்கள் பாதிப் பேர் வரவில்லை, ஆனால் பில்லில் 26 ஆளும் 30 நாளும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு பழைய மாதங்களை வாசல் ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்த்தோம். பொங்கல், தீபாவளி, கோயில் கொடை நாட்கள் எல்லாவற்றிலும் இதே கதை. ஒப்பந்தக்காரர் மறுக்கவில்லை, கூடுதலாக வாங்கியதைக் கழித்துக்கொள்ளக் கிரெடிட் நோட் கொடுத்தார். தப்பு அவருடையது மட்டும் என்று நான் நினைக்கவில்லை, எண்ணிப் பார்க்க எங்கள் பக்கம் ஆள் வைக்கவே இல்லையே.

அதிலிருந்து சேவை பி.ஓ. எதையும் ‘1 எண்ணம்’ என்று போடுவதில்லை. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் என்றால் ஆள்-நாள், வண்டி என்றால் கிலோமீட்டரும் நாளும், சம்பளக் கணக்கு என்றால் எத்தனை பேருக்குச் சம்பளச் சீட்டு வந்தது, மென்பொருள் வேலை என்றால் எந்தக் கட்டம் முடிந்து யார் சோதித்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் குறிப்பிட்ட ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் பில் அக்கவுண்ட்ஸுக்குப் போகும். இதற்கு மென்பொருளில் தனிப் படிவம் இல்லை, பொருளுக்கான ஜி.ஆர்.என். படிவத்தையே வளைத்துப் பயன்படுத்துகிறோம். வாங்கப் போகிறவர்கள் டெமோவில் இதைத்தான் முதலில் கேளுங்கள், சேவை முடிந்ததை எப்படிப் பதிவு செய்வது, பாதி முடிந்தால் பாதிப் பணம் போகுமா என்று.

2024 மார்ச்சில் இந்தப் பதிவு வேறு விதத்தில் கைகொடுத்தது. 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் 2023 நிதிச் சட்டம் எச் என்ற உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை உரிய நாளுக்குள் தராமல் அந்த நிதியாண்டையும் தாண்டிவிட்டால், அந்தச் செலவை அந்த வருஷக் கணக்கில் கழிக்க முடியாது, பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழிக்கலாம். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். 2006ஆம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டத்திலேயே இந்தக் கெடு உண்டு, தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூடும் வட்டியும் உண்டு. பலர் தவறுவது ஓர் இடத்தில். நாள் கணக்கு பில் நம் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. பொருளையோ சேவையையோ ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடுகிறது. 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், கொடுத்த நாளே ஏற்ற நாளாகிவிடும். சேவை எப்போது முடிந்தது என்ற பதிவு இருந்ததால் எங்களால் சரியான பட்டியல் எடுக்க முடிந்தது. மென்பொருள் தந்த ரிப்போர்ட்டோ பில் ஏற்றிய தேதியிலிருந்து எண்ணியது, அதை நம்பியிருந்தால் பல பில்கள் தப்பிப்போயிருக்கும். சப்போர்ட்டுக்கு எழுதினோம், திருத்தம் வர எட்டு மாதம் ஆனது. குறு, சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவான உத்யம் சான்றிதழை வெண்டர் சேர்க்கும்போதே வாங்கி வைப்பதும், அவர் வியாபாரியா, தயாரிப்பாளரா, சேவை தருபவரா என்று அதில் பார்ப்பதும் அவசியம், வியாபாரிகளுக்கு இந்த விதி பொருந்தாது.

வரி விஷயத்தில் இன்னொன்று. கம்பெனியாகப் பதிவு செய்யாத செக்யூரிட்டி ஏஜென்சியிடம் ஆள் எடுத்தால் 2019 ஜனவரி 1 முதல் ஜி.எஸ்.டி.யை ஏஜென்சிக்குப் பதில் நாமே நேராக அரசுக்குக் கட்ட வேண்டும், ரிவர்ஸ் சார்ஜ் என்பார்கள். மென்பொருளில் இதற்கு ஒரு டிக் பெட்டிகூட ஆரம்பத்தில் இல்லை.

அப்புறம் போர்ட்டல். வெண்டர்களே உள்ளே வந்து பில் ஏற்றுவார்கள், உங்கள் வேலை பாதியாகும் என்று விற்கும்போது சொன்னார்கள். பெங்களூர், சென்னைக் கம்பெனிகள் ஏற்றினார்கள். எங்கள் ஊர் ஆட்கள் ஏற்றவில்லை. சி.சி.டி.வி. பார்க்கும் மேலப்பாளையத்துக்காரர் போனில் சொன்னது: “அண்ணாச்சி, பில்ல வாட்ஸப்புல அனுப்பியிருக்கேன், பாத்துக்கிடுங்க. போர்ட்டலுக்குள்ள போனா ஓ.டி.பி. கேக்குது, நான் ஏணில நிக்கேன். அதுக்குன்னு ஒரு ஆள வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.” அவர் சொன்னது நியாயம். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் வருகிறவர் அவர்தான். அவருக்காக விதியை மாற்றினோம்: வருஷத்துக்கு ஐந்து லட்சத்துக்குக் கீழே வேலை செய்யும் உள்ளூர் வெண்டர்களின் பில்லை எங்கள் பிரிவில் ஒரு பெண் ஏற்றுகிறார், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் அதற்கே போகிறது. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் மென்பொருளின் விலையைக் கணக்கிட வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லாமல் இந்த அனுபவம் முழுமையாகாது. 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடாத மழை, திங்கட்கிழமை தாமிரபரணி கரைதாண்டி ஜங்ஷனும் வண்ணார்பேட்டையும் தண்ணீரில் நின்றன. தலைமை அலுவலகத்துக்கு இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் இரண்டு இன்டர்நெட் லைன் வாங்கி வைத்திருந்தோம், ஒன்று போனால் ஒன்று இருக்கும் என்றுதான். இரண்டும் ஒரே நேரத்தில் போயின. பிறகு விசாரித்தால் இரண்டு நிறுவனத்தின் கேபிளும் எங்கள் பக்கத்துக்கு ஒரே பாதையில், ஒரே குழாயில் வந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் 99.5 சதவீதம் இயங்கும் என்று இருந்தது, மாதத்துக்கு 3.6 மணி நேரம்தான் நிற்கலாம் என்று அர்த்தம். நான்கு நாள் நின்றது. இயற்கைச் சீற்றம் என்ற வரியால் அபராதம் இல்லை. சாதாரண நாளில் நின்றிருந்தாலும் எங்களுக்குக் கிடைப்பது அந்த நான்கு நாள் வாடகைதான். அதைப் படித்துக் கையெழுத்து வாங்கியவன் நான். எந்த வழியாகக் கேபிள் வருகிறது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், இப்போது லைன் எதை வாங்கினாலும் பாதையின் வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்கிறோம்.

அந்த நாட்களில் மென்பொருள் நன்றாகவே நின்றது, அதன் சர்வர் வேறு ஊரில் இருப்பதால். கைப்பேசியில் கொஞ்சம் சிக்னல் கிடைத்த மாடியில் நின்று மோட்டார் பம்ப் வாடகை, ஜெனரேட்டர் டீசல், கேண்டீனுக்கு அரிசி எல்லாவற்றுக்கும் அப்ரூவல் வாங்கினேன். அவசரத்தில் வாங்கியதைப் பின்னால் முறைப்படுத்த ஒரு ‘அவசர பி.ஓ.’ வகை அதில் இருந்தது. அதை வைத்தவர்களுக்கு உண்மையாகவே நன்றி.

கிளவுட் சேவைகளுக்கு எங்கள் ஒப்பந்தத்தில் இப்போது கட்டாயமாகச் சேர்ப்பது ஒன்று உண்டு. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவுப்படி சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை (கணினியில் நடந்தவை தானாகப் பதிவாகும் குறிப்புகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். வெண்டர் நமக்குச் சொன்னால்தானே நாம் தெரிவிக்க முடியும். ஆகவே அவர் எங்களுக்கு 2 மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறோம்.

கடைசியாக விலை. முதல் மூன்று வருஷம் சொன்ன விலை, அதற்கப்புறம் ஒவ்வொரு ரெனியூவலுக்கும் ஏற்றம். பார்த்து மட்டும் போகிறவர்களுக்கும் முழு லைசென்ஸ் கேட்டார்கள். வேறு மென்பொருளுக்குப் போகலாம் என்று 2024இல் விசாரித்தபோதுதான் தெரிந்தது, பி.ஓ. விவரங்கள் எக்செலில் வரும், ஆனால் இணைத்த ஒப்பந்தங்கள், பில் நகல்கள், அப்ரூவல் குறிப்புகள் ஒவ்வொன்றாகத்தான் இறக்க வேண்டும். மொத்தமாகத் தர தனிக் கட்டணம். பேசிப் பேசி இந்த முறை மூன்று வருஷத்துக்குப் பதிலாக ஒரு வருஷம் மட்டும் புதுப்பித்தோம், வெளியேறினால் எல்லா இணைப்புகளையும் 30 நாளுக்குள் கட்டணமின்றித் தர வேண்டும் என்ற வரியோடு. அதுவரை காத்திருக்காமல் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் பழைய ஒப்பந்தங்களை இறக்கி எங்கள் சர்வரில் வைத்துக்கொண்டிருக்கிறோம். 2018, 2019 முடிந்துவிட்டது, 2020இல் பாதி வந்திருக்கிறோம்.