லிண்ட்சேப் பக்கக் கொட்டகையில் எங்கள் மோட்டர்ஹோம்: இரண்டு பனிக்கால அனுபவம்

எங்கள் மோட்டர்ஹோம், அதாவது உள்ளேயே சமைத்துப் படுக்கிற வண்டி, 24 அடி நீளம், ஃபோர்ட் ஈ-350 வான் வண்டிக்கு மேல் கட்டினது. கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஏஜக்ஸில் வீட்டு வாசலில் விட்டால் பின்பக்கம் நடைபாதைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும், பனி வழிக்கவும் இடம் இருக்காது. அதனால் இரண்டு பனிக்காலமாக லிண்ட்சேக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக் கொட்டகையில் காசு கட்டி நிறுத்துகிறோம். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

கொங்கிரீட் தரைக் கொட்டகைக்கு அடிக்கு 30 டொலர். எங்களுக்கு 720, வரியோடு 813 டொலர் 60 சதம். பக்கத்திலேயே மண் தரைக் கொட்டகை ஒன்று, அடிக்கு 22. என் கணவர் அதுவே காணும் என்றார். நான் விடவில்லை. மண்ணிலிருந்து ஈரம் எழும்பி அடிச்சட்டம் துருப்பிடித்தால் மிச்சம் பிடித்த காசு எந்த மூலைக்கு?

ஒக்டோபரில் வரும் தாங்ஸ்கிவிங் வார இறுதியில் உள்ளே விட்டால் மே முதல் கிழமைதான் வெளியே எடுக்கலாம். முன்னால் நாலு வண்டி, இரண்டு படகு என்று நெருக்கி அடுக்கிவிடுவார்கள். தையில் புளோரிடா போகிற யோசனை உள்ளவர்களுக்கு இந்த இடம் சரிவராது. எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கூரையில் பனி ஏறவில்லை, வெயில் பட்டு ரயர் வெடிக்கவில்லை. பண்ணைக்கார ஐயா ரயருக்குக் கீழே வைக்கப் பலகைத் துண்டும் தந்தார். காஸ் சிலிண்டர் வால்வு பூட்டியிருக்கிறதா என்று தானே குனிந்து பார்த்த பிறகுதான் கதவைத் திறந்தார். இதெல்லாம் நல்லது.

ஆனால் கொட்டகைக்குச் சூடு கிடையாது. வெளியே மைனஸ் 28 என்றால் உள்ளேயும் கிட்டத்தட்ட அதே குளிர்தான். கூரை இருப்பதால் குழாய் தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும், பிளாஸ்டிக் குழாய் அதற்கு ஈடு கொடுக்காது.

முதல் வருடம் அவர்களே தண்ணீர் வடித்து, குழாய் உறையாமல் இருக்க அன்ரிஃபிரீஸ் மருந்து ஏற்றித் தருவோம் என்றார்கள். 180 டொலர் கொடுத்தோம். அடுத்த மே மாதம் விக்டோரியா டே விடுமுறைக்கு சான்ட்பாங்க்ஸ் பூங்காவுக்குப் போய், தாங்கியை நிரப்பிப் பம்பைப் போட்டேன். பம்ப் நிற்கவே இல்லை. உள்ளே எல்லாப் பைப்பும் பூட்டித்தான் இருக்கிறது, ஆனால் பம்ப் கடகடவென்று ஓடுகிறது. வெளியே இறங்கிப் பார்த்தால் சுவர் வழியே தண்ணீர். கால் கழுவ வெளியே ஒரு சின்ன ஷவர் இருக்கும், மூடியைத் திறந்தால்தான் தெரியும். அந்த மூடியை யாரும் திறக்கவில்லை. வால்வு குறுக்கே பிளந்து கிடந்தது.

ஐயாவுக்கு ஃபோன் எடுத்தேன். சண்டை பிடிக்கவில்லை, 180 டொலரையும் திருப்பித் தந்தார். வால்வுச் செலவு எங்கள் தலையில்.

இரண்டாம் வருடம் நானே செய்தேன். ஒரு பின்னேர வேலைதான். எல்லாத் தாங்கியையும் வடித்து, சுடுதண்ணீர்த் தாங்கியையும் வெறுமையாக்கி, அதற்குள் எதுவும் போகாமல் தடுக்கும் பைபாஸ் வால்வைத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தாங்கியே ஐந்தாறு போத்தல் மருந்தைக் குடித்துவிடும். பிறகு பம்பின் குழாயை இளஞ்சிவப்பு அன்ரிஃபிரீஸ் போத்தலுக்குள் விட்டு, ஒவ்வொரு பைப்பாகச் சூடு, குளிர் இரண்டு பக்கமும் இளஞ்சிவப்பு வரும்வரை திறந்தேன். ரொயிலெற், குளியல், அந்த வெளி ஷவர் ஒன்றையும் விடவில்லை. சிங்க் துளைக்குள்ளும் ஒரு கோப்பை ஊற்றினேன். 3.78 லீற்றர்ப் போத்தல் இரண்டு முடிந்தது. காருக்கு ஊற்றும் எதிலீன் கிளைகோல் சாமானை மட்டும் இதற்குள் ஊற்றிவிடாதீர்கள், அது நஞ்சு. புரோப்பிலீன் கிளைகோல் என்று போத்தலில் எழுதியிருக்க வேண்டும்.

பற்றறியைக் கழற்றி வீட்டுக் கராஜில் சார்ஜரில் போட்டோம். முழுச் சார்ஜ் உள்ள ஈய அமிலப் பற்றறி இந்தக் குளிரில் உறையாது, இறங்கின பற்றறிதான் உறைந்து வெடிக்கும்.

அப்புறம் எலி. சுற்றிவரச் சோளக் காணி, அறுவடை முடிந்ததும் எலிகளுக்கும் வீடு வேண்டும்தானே. பெப்பமின்ற் எண்ணெய் போட்டால் வராது என்றார்கள். எண்ணெய் தோய்த்த பஞ்சுக்குப் பக்கத்திலேயே கூடு கட்டியிருந்தது. அலுமாரியில் நான் மறந்துபோய் விட்ட இடியப்ப மாப் பைக்கற்றைக் கிழித்து, அந்த வெள்ளைக் கால் அடையாளம் சமையல் தட்டில் தொடங்கிச் சாரதி ஆசனம் வரைக்கும் போயிருந்தது. பக்கத்தில் இருந்த மிளகாய்த்தூளைத் தொடவில்லை. சிங்குக்குக் கீழே குழாய் வரும் ஓட்டைதான் வழி. இப்போது அதில் பாத்திரம் தேய்க்கும் இரும்புச் சுருளைத் திணித்து அடைத்திருக்கிறேன். இதற்குக் கொட்டகைக்காரரைக் குறை சொல்ல முடியாது, பொறி வைத்துத்தான் இருந்தார்கள்.

இடத்துக்கு ஐந்தில் நாலு. தண்ணீர் வடிக்கும் சேவைக்கு ஒன்று, அதுவும் காசைத் திருப்பித் தந்ததற்காக. ஆவணி முடிந்தால் இடம் கிடைக்காது, முன்னமே கூப்பிடுங்கள். நாங்கள் இந்த வருடத்துக்கும் 100 டொலர் முற்பணம் கட்டிவிட்டோம். மா வீட்டிலேயே நிற்கும்.