ஆகாயத்தாமரையை எடுக்க ஆளா, மிஷினா, வண்டா?

ஐப்பசி மழைக்கு முன்னாடி ஏரியை கிளியர் பண்ணணும்னு எங்க ஏரியா ஆளுங்க மறுபடி கிளம்பிட்டாங்க, வழக்கம்போல எதை வெச்சு எடுக்கறதுன்னு முதல்ல சண்டை. மூணு வருஷமா கரையில நின்னு பாத்தவன்ங்கற தகுதியில நானும் என் பங்குக்கு சொல்லிடறேன்.

அமேசான் பக்கத்து செடி இது, ஊதாப்பூ அழகா இருக்குன்னு 1890கள்ல வங்காளத்துல கொண்டுவந்து விட்டது, இன்னைக்கு கூவம், பக்கிங்காம் கால்வாய்னு எல்லா இடத்துலயும் குடித்தனம் பண்ணுது. வெயிலும் சாக்கடையும் கிடைச்சா ரெண்டு வாரத்துல ரெட்டிப்பாயிடும். நூத்துக்கு 90 எடுத்துட்டு போதும்டா சாமின்னு வீட்டுக்கு வந்தா, மிச்ச 10 அரை மாசத்துல 20, ஒரு மாசத்துல 40, ஒன்றரை மாசத்துல 80. எந்த வழியா இருந்தாலும் இந்தக் கணக்கை தாண்டியாகணும்.

மிஷின் (அதாங்க, மிதக்குற பொக்லைன்) வேகத்துல அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா அடர்ந்த இடத்துல ஏக்கருக்கு 100 டன்னுக்கு மேல வரும், அதுல 95 சதவீதம் வெறும் தண்ணி, லாரி வாடகை குடுத்து தண்ணிய ஊர்கோலம் விடறோம். அந்த செலவை மிச்சம் பிடிக்க போன தடவை எடுத்த கான்ட்ராக்டர் எல்லாத்தையும் கரையிலயே மலை மாதிரி குவிச்சுட்டு போய்ட்டாரு, முதல் மழையிலயே பாதி சரிஞ்சு திரும்ப ஏரிக்குள்ள. அதோட அந்த பக்கெட் வாருற வேகத்துல செடி துண்டாகும், ஒவ்வொரு துண்டும் தனியா தழைக்கும். நாணல் ஓரத்துல தாழைக்கோழி கூடு இருந்துச்சு, அதுவும் சேர்ந்து போச்சு.

ஆள் வெச்சு எடுத்தா வேரோட வரும், மதகு ஓரம், பாலத்துக்கு அடியில எல்லாம் கை போகும். ஆனா மெதுவு, அந்த தண்ணியில எலிக்காய்ச்சல் பயம் வேற, கையுறையும் பூட்ஸும் குடுக்காம ஆளை எறக்கறது பாவம். நான் ஒரு தடவை ஒரு செடியை தூக்கி பக்கெட்டுல உதறி பாத்தேன், கருப்பா இறகு மாதிரி வேர், அதுல நத்தை, குட்டி எறா, கொசுப்புழு எல்லாம் ஒரே கூட்டுக்குடும்பம். மான்சோனியான்னு ஒரு கொசு இருக்கு, அதோட புழு வேரையே குத்தி அதுல இருந்து காத்து எடுத்துக்கும், மூச்சு விட மேல வர்றதே இல்ல. அப்போ புழுவுக்கு மூச்சு முட்டட்டும்னு தண்ணி மேல எண்ணெய்ப்பந்து (எண்ணெயில ஊறவெச்ச மரத்தூள் உருண்டை) போட்டு என்ன பிரயோஜனம்? செடி போனாதான் அந்தக் கொசு போகும்.

வண்டு கட்சிக்காரங்க ரொம்ப நம்பிக்கையா பேசுவாங்க, சும்மா இல்ல. நியோகெட்டினான்னு 5 மில்லிமீட்டர் கூன்வண்டு, 1983ல பெங்களூர்ல கொண்டுவந்து விட்டாங்க, அங்க சில ஏரியில நல்லாவே வேலை செஞ்சுது. வளர்ந்த வண்டு இலையை சொரண்டும், புழு தண்டுக்குள்ள சுரங்கம் போடும், நெல்லு பக்கம் போகாது. ஆனா மூணு நாலு வருஷம் பொறுக்கணும், நடுவுல மிஷின் எறக்கினா செடியோட வண்டும் லாரி ஏறிடும், சாக்கடை சத்து அதிகமா இருந்தா வண்டு திங்கறதை விட செடி வேகமா வளரும். சாக்கடை கலக்காத, வருஷா வருஷம் வெள்ளம் அடிச்சுட்டு போகாத ஏரி மெட்ராஸ்ல எங்கயாவது இருந்தா சொல்லுங்க, நானே வண்டு வாங்கிட்டு வரேன்.

களைக்கொல்லியா? செத்த செடி முழுகி அழுகும், ஆக்சிஜன் போய் கெண்டை மிதக்கும். வேணாம்.

என் ஓட்டு, புரட்டாசியில ஒரே ஒரு தடவை மிஷின், எடுத்ததை அன்னிக்கே ஏரியை விட்டு வெளிய அனுப்பணும்னு எழுதி வாங்கிட்டு. அப்புறம் பத்து நாளைக்கு ஒரு தடவை பரிசல்ல ரெண்டு ஆள், வருஷம் பூரா. இந்த ரெண்டாவது பாதிக்குதான் யாரும் காசு ஒதுக்க மாட்டேங்கறாங்க, ஃபோட்டோவுல நல்லா விழாது இல்ல. அதனால தெருவுக்கு தெரு வசூல் பண்ணிட்டு இருக்கோம்.

போன வருஷம் சரியாம மிஞ்சின அந்த குவியல் மேல யாரோ பூசணி போட்டிருக்காங்க, கொழுகொழுன்னு காய்க்குது. ஆகாயத்தாமரை காரீயம், காட்மியம்னு தண்ணியில இருக்கறதை எல்லாம் உறிஞ்சி வெச்சுக்கும்னு தெரிஞ்சதால நான் மட்டும் வாங்கறதில்ல.