விலை குறைந்த ஹெல்மெட் இன்டர்காம்: பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை வைத்து வாங்காதீர்கள்

பைக் ஓட்டிக்கொண்டே ஒருவரோடு ஒருவர் பேச ஹெல்மெட்டில் மாட்டும் கருவிதான் புளூடூத் இன்டர்காம். அதன் பெட்டி எதை எடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது தூரம்தான். 800 மீட்டர், 1,000 மீட்டர், 1,200 மீட்டர் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். குறைந்த விலையில் தேடுகிறவர்கள் அதை வைத்தே ஒப்பிட்டு, மீட்டர் அதிகம் உள்ளதை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் வாங்கிய பிறகு வரும் புகார்கள் வேறு மாதிரி இருக்கும். "பாட்டு கேட்கவே மாட்டேங்குது", "நான் பேசினா அவருக்கு வெறும் காத்துதான் கேட்குதாம்", "ஆறு பேரை இணைச்சோம், ரெண்டு பேர்தான் பேச முடியுது". முதலாவதற்குக் காரணம் ஸ்பீக்கர் உட்காரும் இடம். இரண்டாவதற்கு மைக். மூன்றாவது, பெட்டியில் உள்ள வாசகத்தைச் சரியாகப் படிக்காதது. விலை குறைந்த செட்டில் தேறுவதும் தோற்பதும் இந்த மூன்றில்தான்.

தூரக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அந்த எண், தடை எதுவுமில்லாத வெட்டவெளியில், நேர்க்கோட்டில் கிடைப்பது. புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். மனித உடம்பும் ஈர இலைகளும் அதற்குச் சுவர் மாதிரி. முன்னால் போகிறவரின் தலையே அவருடைய கருவிக்கும் பின்னால் வருகிறவருக்கும் நடுவில் வந்துவிடும். ஒரு வளைவு, ஒரு லாரி போதும், இணைப்பு அறுந்துவிடும். அதனால் பெட்டியில் போட்டதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நம்ப வேண்டும். அதுவும் குறைவில்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 100 மீட்டர் இடைவெளி என்பது 6 விநாடி. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் போகும் இரண்டு பைக்குக்கு இதுவே தாராளம். ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் மட்டும் பேசத்தான் வாங்குகிறீர்கள் என்றால் தூரத்துக்காக ஒரு காசுகூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

எத்தனை பேர் என்பதில்தான் ஏமாற்றம் அதிகம். "6 பேர் இன்டர்காம்" என்றால் ஆறு பேரும் சேர்ந்து அரட்டை அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. எஜியாஸ் வி6 ப்ரோ போன்ற பழைய வடிவமைப்புகளில் ஆறு கருவிகளைப் பதிவு செய்து வைக்கலாம். ஒரு நேரத்தில் பேசுவது இருவர் மட்டுமே. மூன்றாமவரிடம் பேச வேண்டுமானால் பட்டனை அழுத்தி அவருக்கு மாற வேண்டும். விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசலாம், கேட்கலாம்?

நாலு பேர் சேர்ந்து பேசலாம் என்று சொல்லும் சாதாரண புளூடூத் செட்கள் சங்கிலி மாதிரி வேலை செய்பவை. முதலாமவர் இரண்டாமவரோடு, இரண்டாமவர் மூன்றாமவரோடு என்று கோர்த்திருக்கும். நடுவில் ஒருவர் பெட்ரோல் போட நின்றால் அவருக்குப் பின்னால் இருப்பவர்களும் சேர்ந்து அறுந்துபோவார்கள். பைக்குகள் வரிசை மாறி ஓடினாலும் இதே கதிதான், ஏனென்றால் கோர்த்த வரிசை மாறாது. மெஷ் வகையில் இந்தத் தொல்லை இல்லை; யார் விலகினாலும் மற்றவர்கள் வழியாகப் பேச்சு சுற்றி வந்து சேரும். மூன்று பேருக்கு மேல் அடிக்கடி சேர்ந்து போகிறவர்கள், கொஞ்சம் பொறுத்திருந்தாவது மெஷ் வாங்குவது நல்லது. ஒரே ஒரு நிபந்தனை, குழுவில் எல்லோரும் ஒரே கம்பெனியின் மெஷ் வைத்திருக்க வேண்டும்.

வேறு வேறு கம்பெனி செட்களை இணைக்க "யுனிவர்சல் பேரிங்" இருக்கிறதே என்பார்கள். அதில் நடப்பது இதுதான்: ஒரு கருவி மற்றதைச் செல்போன் என்று நினைத்துக்கொள்கிறது. அதனால் போன் இணைக்கும் இடங்களில் ஒன்று போய்விடும். குரலும் போன் பேச்சுத் தரத்தில்தான் வரும். அவசரத்துக்கு இருவர் பேச உதவும். குழுவுக்கு அதை நம்பி வாங்கக் கூடாது. ஜோடியாக விற்கும் பெட்டியை வாங்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை; பெரும்பாலும் இரண்டும் இணைக்கப்பட்டே வரும்.

இனி ஸ்பீக்கர். 40 மி.மீ. விட்டம் இருந்தால் நல்லது. ஆனால் அளவைவிட இடம்தான் முக்கியம். ஸ்பீக்கரின் நடு, காதுத் துளைக்கு நேர் எதிரே வர வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலே சத்தம் பாதியாகிவிட்ட மாதிரி இருக்கும். பேச்சு தெளிவதற்கான உயர் சுருதிதான் முதலில் காணாமல் போகும். நல்ல விலை கொடுத்து வாங்கிய செட்டே மோசமாகக் கேட்கும், பழி ஸ்பீக்கர் மேல் விழும்.

பொருத்தும் முறை இது. கன்னப் பேட் இரண்டையும் கழற்றுங்கள். உள்ளே தெர்மகோல் போன்ற நுரையில் காதுக்கென்று குழி இருக்கும். பல ஹெல்மெட்டுகளில் அந்தக் குழி காதைவிடக் கீழே அல்லது பின்னால் இருக்கும், அதனால் குழியின் நடுவில் ஒட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். முதலில் ஸ்பீக்கரை வெல்க்ரோவில் லேசாக நிறுத்தி, பேட்டை மாட்டி, ஹெல்மெட்டைப் போட்டு, பட்டையையும் இறுக்குங்கள். பாட்டை ஓடவிட்டு ஹெல்மெட்டை மேலும் கீழும், முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். எந்தப் பக்கம் நகர்த்தும்போது சத்தம் கூடுகிறதோ, ஸ்பீக்கரை அந்தப் பக்கமே தள்ளி ஒட்ட வேண்டும். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இடைவெளி இருந்தால் பின்னால் ஒரு வெல்க்ரோ வட்டம் கூடுதலாக வைத்து முன்னுக்குக் கொண்டுவாருங்கள். காது மடலை அழுத்துகிறது என்றால் வேறு மெலிந்த ஸ்பீக்கர் தேடுங்கள்; அரை மணி நேரத்தில் அந்த வலி தாங்காது. இடம் போதவில்லை என்று நுரையைக் கத்தியால் செதுக்குவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். விழும்போது தலையைக் காப்பது அந்த நுரைதான்.

சத்தம் போதவில்லை என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போவதும் ஆபத்து. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே 95 டெசிபெல்லை ஒட்டி வரும். 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் காது தாங்கும் என்பது ஒரு பொதுக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படியானால் 94 டெசிபெல்லுக்கு 1 மணி நேரம்தான். மெல்லிய நுரை இயர்பிளக் போட்டுக்கொண்டு இன்டர்காமைக் கேட்டுப் பாருங்கள்; இரைச்சல் அடங்கி, பேச்சு முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சின்ன நுரைத் துண்டு, விலை கூடிய செட்டுக்கு மாறுவதைவிடப் பெரிய பலன் தரும்.

மைக் இரண்டு வகை. முகம் திறந்த ஹெல்மெட்டுக்கும் தாடை தூக்கும் ஹெல்மெட்டுக்கும் வளையும் தண்டு மைக். முழு முகம் மூடிய ஹெல்மெட்டுக்கு, தாடைப் பகுதியின் உட்புறம் ஒட்டும் பட்டன் மைக். வாங்கும்போது உங்கள் ஹெல்மெட்டுக்கு ஏற்றது பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். சில பெட்டிகளில் ஒன்றுதான் இருக்கும். தண்டு மைக்கின் தலையைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பக்கம் புள்ளி, அம்பு, அல்லது சின்னத் துளை இருக்கும். அந்தப் பக்கம்தான் உதட்டைப் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் இரைச்சல் குறைக்கும் சர்க்யூட் உங்கள் குரலைக் காற்று என்று எண்ணி அடக்கிவிடும். பஞ்சுறை போட்ட பிறகு இந்தக் குறி தெரியாது, ஆகவே உறையின் மேலேயும் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். மைக் வாயோரத்தில், உதட்டிலிருந்து 1 அல்லது 2 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பஞ்சுறை தொலைந்தால் உடனே வேறு வாங்குங்கள். அது இல்லாத மைக்கில் 50 கி.மீ. வேகத்துக்கு மேல் பேச்சு எடுபடாது.

கருவியை இடப்பக்கம் மாட்டுவதுதான் வழக்கம். வலக்கை ஆக்ஸிலேட்டரில் இருப்பதால் பட்டனை அழுத்த இடக்கைதான் மிச்சம். கையுறையோடு தடவிப் பார்த்தே எது எந்தப் பட்டன் என்று தெரிய வேண்டும். பட்டன்கள் தட்டையாக, ஒரே மாதிரி இருந்தால் அந்த செட்டைத் தவிருங்கள். ஹெல்மெட்டின் ஓரம் மெலிந்திருந்தால் கிளாம்ப் (ஓரத்தைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்) நன்றாகப் பிடிக்கும். ஓரம் தடித்ததென்றால் ஒட்டும் பட்டைதான் வழி. ஒட்டும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் ஒட்டி, நன்றாக அழுத்தி, ஒரு நாள் முழுக்க விட்டு அதன்பின் கருவியை மாட்டுங்கள். ஒட்டிய உடனே கிளம்பினால் வழியில் கழன்று விழ வாய்ப்புண்டு.

மழையைப் பொறுத்தவரை, தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் தரத்தைக் காட்டும் குறியீடு ஐபி67 என்று இருந்தால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் சோதனையைத் தாண்டியது என்று பொருள். அது கருவியின் உடம்புக்கு மட்டும். ஸ்பீக்கர் வயர் செருகும் இடமும் சார்ஜ் துளையின் ரப்பர் மூடியும்தான் முதலில் பழுதாகும் இடங்கள். துளை கீழ்நோக்கி இருக்கும் வடிவமைப்பு நல்லது. நனைந்த செட்டை அன்றைக்கே சார்ஜில் போடாதீர்கள். மூடியைத் திறந்து ஒரு இரவு காயவிடுங்கள்.

மாடல் என்று கேட்டால்: இரண்டு பேர் மட்டும், மழையிலும் ஓட்டுவோம் என்பவர்களுக்கு கார்டோ ஸ்பிரிட் நிம்மதியான தேர்வு, தண்ணீர் காப்பு ஐபி67. அதன் எச்டி வகையில் ஸ்பீக்கர் 40 மி.மீ. விலை இன்னும் இறங்க வேண்டும் என்றால் எஜியாஸ், ஃப்ரீட்கான், ஃபோட்ஸ்போர்ட்ஸ் பெயர்களில் வரும் ஜோடிப் பெட்டிகள் இருவர் பேச்சுக்குப் போதும். பாட்டும் இன்டர்காமும் சேர்ந்து ஓட வேண்டும் என்று அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம். இன்டர்காம் திறந்தால் பாட்டு நிற்கும் என்றே எண்ணி வாங்குங்கள்.

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் மூன்று சோதனை செய்துவிடுங்கள். 40, 60, 80 கி.மீ. வேகங்களில் தலா ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். ஒருவரைக் கண்ணுக்கு மறையும் வரை போகச் சொல்லி, திரும்பி வரும்போது இணைப்பு தானாகச் சேர்கிறதா, பட்டன் அழுத்த வேண்டியிருக்கிறதா பாருங்கள். முழு சார்ஜில் எத்தனை மணி நேரம் வருகிறது என்று இன்டர்காமைத் திறந்தே வைத்துக் கணக்கெடுங்கள், ஏனென்றால் பாட்டு மட்டும் கேட்டால் கிடைக்கும் நேரத்தைவிட அது குறைவாக இருக்கும்.

சார்ஜே ஏறவில்லை என்றால் பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். விலை குறைந்த கருவிகள் சிலவற்றில் யுஎஸ்பி-சி துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்கள் (சின்ன மின்தடைகள்) இரண்டையும் போடாமல் விட்டிருப்பார்கள். இருபக்கமும் சி முனை உள்ள கேபிளில் அந்த ரெசிஸ்டரைப் பார்த்துத்தான் சார்ஜர் மின்சாரத்தைத் திறக்கும். இல்லாவிட்டால் ஒன்றும் வராது. ஒருபக்கம் பழைய பெரிய ஏ முனை உள்ள கேபிளை, 5 வோல்ட் 1 ஆம்பியர் சாதா சார்ஜரில் செருகினால் விளக்கு எரியும்.