ஹட்டன் முதல் பதுளை வரை: மலையகப் புகையிரத சேவையும் அதன் பாதுகாப்பும்

ஹட்டனுக்கும் பதுளைக்கும் இடையிலான புகையிரத சேவையை மதிப்பிடுவோர் பெரும்பாலும் மூடுபனியையும் எல்லவுக்கு அப்பாலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தையும் பற்றியே எழுதுகிறார்கள். இதே பாதையில் வைத்தியசாலைக்கும் உறவினர் வீட்டு நல்லது கெட்டதுகளுக்கும் போய்வருகின்ற எங்களைப் போன்றோருக்கு, ஏறியவர் பத்திரமாக இறங்குவதுதான் முதல் கணக்கு. ஆகவே அந்தக் கோணத்திலிருந்தே இந்தச் சேவையை மதிப்பிடுகிறேன்.

மூன்றாம் வகுப்புக் கட்டணம் சாதாரணத் தோட்டக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகிறது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். இறால் வடையும் தேநீரும் இருக்கைக்கே வந்துசேரும். நீண்ட வார விடுமுறை நாட்களில் மட்டும் நிற்கவே இடம் கிடைக்காது. வேகத்தை எதிர்பார்ப்பவர்கள் பேருந்தில் போவதே நல்லது. 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் எட்டிய இந்தப் பாதை, 44 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றங்களையும் ஏறத்தாழ 100 மீற்றர் ஆரமே கொண்ட வளைவுகளையும் கடந்து, பட்டிப்பொலவில் 1,890 மீற்றருக்கும் மேலே ஏறுகிறது. இத்தகைய பாதையில் மெதுவாகப் போவதுதான் முறை.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது டெப்லட் முறையை. டெப்லட் என்பது, பாதையின் ஒரு பகுதிக்குள் நுழைவதற்கான அனுமதியாகச் சாரதியிடம் கொடுக்கப்படும் வட்ட வில்லை. ஒற்றைப் பாதையில் இரண்டு புகையிரதங்கள் எதிரெதிரே வந்துவிடாமல் இருப்பதற்காக, ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே ஒரு நேரத்தில் ஒரேயொரு டெப்லட் மட்டுமே வெளியே எடுக்கப்படும்; அது கையில் இல்லாமல் சாரதி அந்தப் பகுதிக்குள் நுழைய முடியாது. பெரிய வளையம் ஒன்றில் தோல் பையைக் கோத்து, அதற்குள் டெப்லட்டை வைத்து, மேடையில் நிற்கும் ஊழியர் உயர்த்திப் பிடிப்பதையும், ஓடும் இயந்திரத்திலிருந்து கையை நீட்டி உதவியாளர் அதைத் தோள்வரை வாங்கிக்கொண்டு பழைய வளையத்தை விட்டெறிவதையும் சிறிய நிலையங்களில் இன்றும் பார்க்கலாம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்தப் பாதையை இப்படித்தான் காத்து வருகிறார்கள்.

ஆனால் தண்டவாளத்தின் மேல் ஒருவர் வைத்துவிட்டுப் போன கல்லை டெப்லட்டால் காண முடியாது. சில்லைத் தண்டவாளத்தில் பிடித்து வைத்திருப்பது அதன் உட்பக்கத்திலுள்ள விளிம்பு. அதன் உயரம் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கல்லில் மோதி, வளைவில் அந்த விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிவிட்டால், சமவெளியில் மண்ணில் புதைந்து நிற்கக்கூடிய பெட்டி, இங்கே தேயிலைச் சரிவில் உருண்டு பள்ளத்தில்தான் போய் நிற்கும்.

கொட்டகலைக்கு அப்பால் ஒரு வளைவில் இதை நேரில் கண்டேன். பதினாறு பதினேழு வயது மதிக்கத்தக்க பையன்கள் இருவர், பாதைக்குப் போட்ட கருங்கற்களையே பொறுக்கித் தண்டவாளத்தின் மேல் வரிசையாக அடுக்கிவிட்டு, கைத்தொலைபேசியைத் தேயிலைச் செடியில் சாய்த்து வைத்துக் காத்திருந்தார்கள். பாதையைப் பார்த்தபடி நடந்து வந்த ஊழியர் தோளிலிருந்த சுத்தியலை இறக்கி, கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். பெரியவர்கள் சிலர் கூடி, பிள்ளைகளின் எதிர்காலம் கெட்டுவிடக் கூடாதென்று பேசி, எச்சரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் ஏற்கனவே போட்டிருந்த காணொளிகளை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இது நம்முடைய மலைக்கு மட்டும் உரிய தொல்லையல்ல. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நிலக்கரிப் புகையிரதம் ஒன்றின் இரண்டு இயந்திரங்களும் ஐந்து பெட்டிகளும் தடம் புரண்டன. பாதை மாற்றும் சுவிட்சைத் திருப்பிவிட்டு, அதைப் படம்பிடித்து யூடியூபில் போட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் 17 வயதுப் புகையிரத ஆர்வலர். அதே ஆண்டு ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்தில், தண்டவாளத்தில் சைக்கிளையும் எரிவாயு சிலிண்டரையும் வைத்துக் காணொளி எடுத்த இளைஞர் கைது செய்யப்பட்டார். இந்தியாவின் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், பயணிகளின் பாதுகாப்புக்கு வேண்டுமென்றே ஆபத்து விளைவிப்பவருக்கு ஐந்து ஆண்டு வரையும், புகையிரதத்தைக் கவிழ்க்கும் நோக்கத்தோடு செய்பவருக்கு ஆயுட்காலம் வரையும் சிறை விதிக்கிறது.

நம் நாட்டிலும் பொதுச் சொத்துக்களுக்கெதிரான தவறுகள் பற்றிய 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கடுமையானதே. அந்தக் கடுமையே, பையனைச் சிக்க வைக்க வேண்டாமே என்று ஊர்ப் பெரியவர்களை வாய்மூடச் செய்கிறது என்பது என் எண்ணம். பதினாறு வயதுப் பிள்ளையைப் பெரியவர்களோடு சிறையில் அடைப்பதை நானும் விரும்பவில்லை. ஏழைத் தோட்டக் குடும்பத்தின் பிள்ளை ஒருமுறை சிறைக்குப் போனால், அவனுக்குப் பின் அந்த வீட்டில் யாருக்கும் வேலை கிடைப்பது கஷ்டம். ஆனால் வெறும் எச்சரிக்கையோடு வீட்டுக்கு அனுப்புவதை இரக்கம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அடுத்த பெட்டியில் பிரசவத்துக்குப் போகும் பெண்ணும் இருக்கிறாள், அவளுக்கும் இரக்கம் உரியது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதானவர்களை, விருப்பக் குறிகளை எண்ணி எண்ணித் திட்டமிட்டுச் செய்தபின்னும், ‘சின்னப் பையன்தானே’ என்று விட்டுவிடுவதும் சரியல்ல.

சிறைக்குப் பதிலாக ஊதியமில்லாத வேலையைக் கட்டளையிட, 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் ஏற்கனவே வழி செய்திருக்கிறது. அந்த வழி இத்தகைய வழக்குகளுக்கும் தெளிவாகத் திறந்துவிடப்பட வேண்டும். தண்டவாளத்தில் கல் வைத்தவன், பல மாதங்கள் பாதை ஊழியரின் பின்னால் நடந்து, சறுக்கிய மண்ணை அள்ளி, வடிகாலைச் சுத்தம் செய்யட்டும். அவன் போட்ட காணொளி நீக்கப்பட வேண்டும். அதனால் வந்த வருமானம் ஏதும் இருந்தால் அதுவும் பறிக்கப்பட வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை நன்னடத்தை உத்தியோகத்தரின் பார்வையில் வைத்து, பள்ளிப்படிப்பு தடைப்படாமல் விடுமுறை நாட்களில் இதைச் செய்யச் சொல்லலாம். பெற்றோர் கையெழுத்திட்டு வீட்டுக்குக் கூட்டிப்போவதோடு முடிகிற வழக்கம் மட்டும் நிற்க வேண்டும்.

சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. முதன்முறையாகப் போகிறவர்கள் சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர்த்து, கனமழை நாட்களில் மண்சரிவு உண்டா என்று நிலையத்தில் விசாரித்துவிட்டு ஏறுங்கள். பாதையில் யாராவது எதையாவது வைப்பதைக் கண்டால், சண்டை பிடிக்கவும் வேண்டாம், நீங்களும் படம்பிடிக்கவும் வேண்டாம். அருகிலுள்ள நிலைய அதிபரிடம் உடனே சொல்லுங்கள். அடுத்த புகையிரதத்துக்கான டெப்லட்டைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்து, பாதையைப் பார்த்துவர ஆள் அனுப்ப அவரால் முடியும்.