மறையூர் முனியறைகளும் ஒரு போலரைசரும்

மலைக்குப் படம் எடுக்கப் போகிறவர் ஒரே ஒரு ஃபில்டர் வாங்குவதென்றால் போலரைசர்தான் வாங்க வேண்டும். லென்ஸின் முன்னால் மாட்டி, வளையத்தைத் திருப்பிப் பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி அது. ஒரு 77 மி.மீ. போலரைசரைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவிட்டுச் சொல்கிறேன். கடையில் நீலவானத்தைக் காட்டித்தான் விற்பார்கள். எனக்கு அதன் அருமை தெரிந்தது ஈரப்பாறையில்.

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு போகும் சாலையில் இருக்கிறது மறையூர். சந்தனக்காட்டுக்கும் வெல்லத்துக்கும் பேர்போன ஊர். சுற்றியுள்ள மொட்டைப் பாறைச் சரிவுகளில் கற்திட்டைகள், அதாவது பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், நிற்கின்றன. முனியறை என்பார்கள். பக்கங்களில் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லைப் போட்டிருக்கிறார்கள். சாந்து எதுவும் கிடையாது. மழை விட்டதும் அந்த மூடுகல்லில் மேகவானம் பிரதிபலித்து, படத்தில் வெறும் வெள்ளைத் தகடாக விழும். ஃபில்டர் வளையத்தை மெல்லத் திருப்பினால் அந்த வெள்ளை கரைந்துபோய், அடியிலிருந்து சாம்பல்பச்சைக் கற்பாசித் திட்டுகளும், விளிம்பில் கல் பெயர்ந்த தடமும் எழுந்து வரும். பின்னால் இருக்கும் மரங்களிலும் இலைப் பளபளப்பு அடங்கிப் பச்சை ஆழமாகும். இதைக் கணினியில் செய்ய முடியாது. பளபளப்பு மூடிய இடத்தில் மீட்டெடுக்க விவரமே பதிவாகியிருக்காது.

கோணம் முக்கியம். நீர்ப்பரப்பிலிருந்து ஏறக்குறைய 37 பாகை உயரத்தில் பார்க்கும்போதுதான் பளபளப்பு முழுமையாக அடங்கும். அதனால் வளையத்தைத் திருப்புவதோடு விடாமல், ட்ரைபாடையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

காய்ந்த கல்லில் கதை வேறு. கர்நாடகத்தில் கங்காவதிக்கு அருகே உள்ள ஹிரேபெனகலில், பாறைகளுக்கு நடுவே நடந்து ஏறினால் ஏறத்தாழ 400 பெருங்கற்காலச் சின்னங்கள். 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே கல்லின் சொரசொரப்பைக் காட்டுவது காலைச் சாய்வெயில்தான். போலரைசருக்குப் பெரிய வேலையில்லை. வானத்தைச் சேர்த்து எடுத்தால் கெடுதலும் உண்டு. சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் வானம் அதிகம் கறுக்கும். 17 மி.மீ. அகலக்கோண லென்ஸில் எடுக்கும்போது நடுவில் ஒரு கரும்பட்டை விழுந்து படம் பாழாகும். பனோரமாவுக்குக் கழற்றியே வைத்துவிடுங்கள். கற்திட்டையின் உட்புறத்தை எடுக்கும்போதும் அப்படியே. இருட்டில் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை இழப்பது வீண் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). காற்றில் ஆடும் புல் முன்னால் இருந்தால் அந்த இழப்பு வெளியிலும் உறுத்தும்.

ஃபில்டரின் உடம்பைப் பற்றி: மெல்லிய வளையம் கொண்டதையே வாங்குங்கள். தடித்த வளையம் அகலக்கோணத்தில் மூலைகளை இருட்டாக்கும். ஆனால் மெல்லியதில் பலவற்றுக்கு முன்பக்க மரை கிடையாது, லென்ஸ் மூடி நிற்காது. தனி உறை அவசியம். மலைமணல் வளையத்துக்குள் புகுந்தால் சுழற்சி கரகரக்கும். முதலில் காற்றடித்துத் தூசியை ஊதிவிட்டுப் பிறகே துணியால் துடைக்க வேண்டும். என்னுடையதில் பூச்சு ஓரத்தில் லேசாகத் தேய்ந்திருக்கிறது, படத்தில் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூடுகல்மேல் ஏறி நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நிறுத்திய பலகைகள்தான் அந்தக் கல்லைத் தாங்குகின்றன. மறையூரிலேயே சரிந்து கிடப்பவை பல. கற்திட்டையின் அளவு படத்தில் தெரிய வேண்டுமானால் ஆளைப் பக்கத்தில், தரையில் நிறுத்துங்கள். மேலே நிற்கும் ஆளைவிட அதுவே கல்லின் உயரத்தைச் சரியாகச் சொல்லும்.