சினிமா மாளிகையில் சிம்பொனி: செயின்ட் லூயிஸா, பிட்ஸ்பர்க்கா?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ், பிட்ஸ்பர்க் நகரங்களில் இரண்டு பழைய சினிமா அரங்குகள் சிம்பொனி இசைக்குழுக்களின் கச்சேரி அரங்குகளாயின. இரண்டையும் வடிவமைத்தவர்கள் சிகாகோவின் ராப் சகோதரர்கள். செயின்ட் லூயிஸ் தியேட்டர் 1925-இல் திறந்தது, பிட்ஸ்பர்க்கின் லோஸ் பென் 1927-இல். பேசாப் படக் காலம் அது. திரைக்கு முன்னால் வாத்தியக் குழு உட்கார்ந்து வாசிக்கும். அப்படிப்பட்ட அரங்குக்கு இசை புதிதல்ல. டிவி வந்து கூட்டம் குறைந்த பிறகு இரண்டையும் சிம்பொனிக்காக மாற்றினார்கள்.

செயின்ட் லூயிஸ் முந்திக்கொண்டது. கணவர் வால்டர் பவல் நினைவாக அவர் மனைவி பெருந்தொகை கொடுக்க, 1968-இல் பவல் ஹால் பிறந்தது. உள்ளே நுழைந்ததும் பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தேவாலயத்தை மாதிரியாகக் கொண்ட முகப்புக் கூடம்: வெள்ளையும் தங்கமுமாகச் சுவர், சிவப்புக் கம்பளம், தலைக்கு மேலே சரவிளக்குகள். கச்சேரி தொடங்குமுன்னரே மனம் அதற்குத் தயாராகிவிடும்.

ஆனால் சினிமாவுக்குத் தேவைப்படாத ஒன்று சிம்பொனிக்குக் கட்டாயம் வேண்டும்: மேடைக்குப் பின்னால் இடம். நூறு பேர் உடை மாற்ற வேண்டும், வாத்தியத்தை வைக்க வேண்டும், சுருதி சேர்க்க வேண்டும். பிட்ஸ்பர்க் இதை ஆரம்பத்திலேயே யோசித்தது. 1971-இல் ஹைன்ஸ் ஹாலாகத் திறந்தபோதே பின்புறம் புதுக் கட்டடம் சேர்த்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் அவர்களுக்குத்தான் என் ஓட்டு.

செயின்ட் லூயிஸ் அரை நூற்றாண்டுக்கு மேல் நெருக்கடியில் காலம் தள்ளியது. அப்புறம் 2023-இல் மூடி, ஸ்னோஹெட்டா என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பில் விரிவாக்கி, 2025-இல் திறந்தார்கள். சுமார் 2,700 இருக்கைகள் 2,150 அளவுக்குக் குறைந்தன. துணிச்சலான, சரியான முடிவு. டிக்கெட் வருமானம் பெருகத்தான் சினிமாவுக்கு அத்தனை இருக்கைகள். வயலினின் மெல்லிய முனகல் கடைசி வரிசைக்கும் போய்ச் சேர வேண்டுமானால் அரங்கம் அளவாக இருப்பது நல்லது.

கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் உள்ள பாரமவுன்ட் தியேட்டரையும் சொல்லியாக வேண்டும். 1931-இல் ஆர்ட் டெகோ என்ற அக்கால அலங்காரப் பாணியில் கட்டிய அழகி. ஓக்லாந்து சிம்பொனி இசைக்குழு அதை வாங்கி 1973-இல் புதுப்பித்தது, சினிமா முகத்தை மாற்றவே இல்லை. கண்ணுக்கு மூன்றில் இதுதான் முதல். ஆனால் 3,000 பேர் உட்காரும் கூடம் அது. கேட்கப் போகிறவருக்கு நான் இன்றைய பவல் ஹாலைத்தான் கைகாட்டுவேன்.