சுவர்ணபூமியிலிருந்து சீலோம் வரை: பாங்காக்கில் முன்பதிவு வேன் எப்படி இருந்தது

பாங்காக்குக்கு வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்குத் தனி வண்டி முன்பதிவு செய்யலாமா என்று என்னிடம் கேட்டால் தாராளமாகச் செய்யுங்கள் என்பேன். ஆனால் பெரும்பாலானோர் வண்டியின் படத்தையும் விலையையும் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு: வெளியே வரும்போது நமக்காக ஆள் நிற்பாரா, எந்த இடத்தில் நிற்பார், எவ்வளவு நேரம் காத்திருப்பார், வருகிற வண்டியில் நாம் எல்லோரும் எல்லாப் பெட்டிகளோடும் ஏற முடியுமா. இது சரியாக அமைந்தால் கொடுத்த காசு செரிக்கும்.

நாங்கள் ஐந்து பேர் போனோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. வீட்டுக்குள் நன்றாக நடப்பார். நீண்ட தூரமும் உயரமான படியும் முடியாது. சென்னையில் நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானம், பாங்காக்கில் விடிகாலையில் இறங்கும். ஹோட்டல் சீலோம் சாலையில், மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. தாய்லாந்துக்காரர்களும் வரிசையில் நின்று பூமாலை வாங்கிச் சாத்துகிறார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து அம்மாவுக்கு அங்கே போக வேண்டும் என்று ஆசை.

நாங்கள் இறங்கிய சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து சீலோம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மலிவான வழி ரயில். விமான நிலையத்தின் அடித்தளத்திலேயே ஏறலாம், கடைசி நிலையமான பாயா தாய் வரை 45 பாட் (தாய்லாந்து நாணயம்), அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். ஆனால் சீலோம் போகிறவர்களுக்கு அதோடு முடியாது. பாயா தாயில் வான்ரயிலுக்கு மாறி, சியாமில் மறுபடி மாறி, சுராசக்கில் இறங்கி நடக்க வேண்டும். அலுவலக நேரக் கூட்டத்தில் பெட்டிகளோடு அம்மாவை அப்படி அழைத்துப்போக எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது மீட்டர் டாக்சி. முதல் தளத்தில் வெளியே இயந்திரத்தில் சீட்டு எடுத்தால் எந்த வரிசை எண்ணில் டாக்சி நிற்கிறது என்று வரும். மீட்டரில் ஓடிய தொகை, விமான நிலையக் கட்டணம் 50 பாட், வழியில் இரண்டு இடங்களில் சுங்கம். எல்லாம் சேர்த்து சீலோமுக்கு 400 பாட் முன்பின் ஆகும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். அந்தச் சீட்டை மட்டும் கடைசி வரை கையில் வைத்திருங்கள், ஏதாவது தகராறு என்றால் அதுதான் ஆதாரம். எங்களுக்கு இடித்தது டிக்கிதான். பாங்காக் டாக்சிகள் பலவற்றில் டிக்கிக்குள் கேஸ் சிலிண்டர் இருக்கும். பெரிய பெட்டி ஒன்று, மிஞ்சினால் இரண்டு போகும். ஐந்து பேர் ஒரு காரில் உட்காரவும் முடியாது. பெரிய டாக்சிக்குத் தனி வரிசை உண்டு என்றாலும் நாம் போகிற நேரத்தில் வண்டி இருக்க வேண்டும். இரண்டு காராகப் பிரிந்து போவதற்கு அம்மா ஒப்பவே மாட்டார்.

அதனால் வேன் பதிவு செய்தோம். 1,300 பாட், சுங்கம் உட்பட. டாக்சியைப் போல மூன்று மடங்கு என்று தோன்றும். இரண்டு டாக்சி எடுப்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 500 பாட்தான்.

பதிவு செய்தது ஒரு பயணச் செயலியில். செயலிக்காரர்களிடம் சொந்தமாக வண்டி கிடையாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தச் செயலியில் பணம் கட்டினாலும், வண்டி அனுப்பப்போவது பாங்காக்கில் இருக்கும் ஏதோ ஒரு போக்குவரத்து நிறுவனம்தான். ஆகவே செயலிக்கு விழுந்திருக்கும் மொத்த நட்சத்திரங்களால் நமக்குப் பெரிதாகப் பயனில்லை. கீழே போய், வண்டி தருகிறவர் யார், கடந்த சில மாதங்களில் அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்தேன். வீல்சேர், விமானத் தாமதம், கைக்குழந்தை இந்த மூன்றும் வருகிற விமர்சனங்களை மட்டும் தேடிப் படித்தேன். வண்டி சுத்தமாக இருந்தது, ஓட்டுநர் சிரித்தார் என்று எழுதுகிறவர்களிடமிருந்து நமக்குக் கிடைப்பது குறைவு. விமானம் மூன்று மணி நேரம் தாமதமான அன்று என்ன நடந்தது என்று எழுதியிருப்பவர்தான் நமக்கு வேண்டியவர்.

படிவம் நிரப்பும்போது நிதானமாக இருங்கள். பாங்காக்கில் விமான நிலையம் இரண்டு. சுவர்ணபூமி கிழக்கே, டான் முவாங் வடக்கே. தாய் ஏர்வேஸ் சுவர்ணபூமியில் இறங்கும். ஏர்ஏஷியா போன்ற மலிவு விமானங்கள் பெரும்பாலும் டான் முவாங். தவறானதைத் தேர்ந்தெடுத்தால் ஓட்டுநர் நகரத்தின் இன்னொரு மூலையில் நின்றுகொண்டிருப்பார். தேதியும் அப்படித்தான். சென்னையில் இரவு சாப்பிட்டுவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புவது ஒரு தேதி, விமானம் ஏறுவது மறுநாள் தேதி. பாங்காக் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். விமான எண்ணைக் கட்டாயம் போடுங்கள், அதை வைத்துத்தான் தாமதத்தைக் கண்காணிக்கிறார்கள். எங்கள் பதிவில் விமானம் இறங்கியதிலிருந்து 90 நிமிடம் இலவசக் காத்திருப்பு என்று இருந்தது. வீல்சேர் கேட்டிருப்பவர்கள் இதற்குக் குறைவாக ஒப்புக்கொள்ள வேண்டாம்.

குறிப்பு எழுதும் கட்டம் ஒன்று கடைசியில் இருக்கும். பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். நான் அதில் அம்மாவின் வயது, முழங்கால் சிகிச்சை, உயரமான படி ஏற முடியாது என்பது, பெரிய பெட்டி நான்கு என்பது எல்லாவற்றையும் எழுதினேன். ஹோட்டல் முகவரியை ஹோட்டலின் இணையப் பக்கத்திலிருந்து தாய்லாந்து எழுத்திலேயே எடுத்து ஒட்டினேன். ஆங்கிலத்தில் ஒரே தெருப்பெயரை நான்கு விதமாக எழுதுகிறார்கள். ஓட்டுநருக்குத் தாய்லாந்து எழுத்துதான் சட்டென்று புரியும்.

சந்திக்கும் இடத்தைப் பற்றி ஒரு குறை. செயலியில் எழுத்தில் இரண்டாம் தளம் 3ஆம் வாயில் என்று இருந்தது. வரைபடத்தில் குத்தியிருந்த புள்ளி டாக்சி வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனது. முந்தின நாளே செய்தி அனுப்பிக் கேட்டதால் இரண்டாம் தளம்தான் என்று உறுதியாகத் தெரிந்தது. கேட்காமல் போகிறவர்கள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு மேலும் கீழும் அலைவார்கள். இதைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

விமானம் இறங்கியது. அம்மாவின் வீல்சேரோடு போனதால் குடிநுழைவில் தனி வரிசை, அதிகம் காக்கவில்லை. தாய்லாந்துக்கு 2025 மே மாதத்திலிருந்து மின்னணு வருகை அட்டை நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், இலவசம். அதை எல்லோருக்கும் வீட்டிலேயே முடித்திருந்தோம்.

வெளியே வந்தால் பெயர்ப் பலகைகள் கூட்டமாக நிற்கின்றன. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். செயலி அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஓர் இளம்பெண் நீலச் சட்டை போட்டுக்கொண்டு அப்பாவின் பெயரைப் பெரிய எழுத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களுக்கு முன்னால் அம்மாதான் பார்த்தார். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன, வெளிநாட்டுப் பயணம் என்று ஒன்று அவர் போனதே இல்லை. "ஏட்டி, அங்க பாரு, அப்பா பேரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் பலகையைக் கொஞ்சம் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு படம் எடுக்கச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு விவரம் தெரியாது, ஆனாலும் பொறுமையாகச் சிரித்தபடி நின்றாள். தமிழ்நாட்டுப் பெயர்கள் உள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பலகையில் உங்கள் பெயரை மட்டும் தேடாதீர்கள், அப்பா அல்லது கணவர் பெயரையும் தேடுங்கள்.

இரண்டாவது குறை இங்கேதான். பலகை பிடித்திருப்பவர் ஓட்டுநர் அல்ல. அவர் அழைத்த பிறகுதான் வெளியே எங்கோ நிறுத்தியிருக்கும் வேன் கிளம்பி வாசலுக்கு வரும். எங்களுக்கு 20 நிமிடம் ஆனது. பெட்டி எடுக்கும்போதே செய்தி அனுப்பியிருந்தேன், பார்த்துவிட்டதாகப் பதிலும் வந்தது. அப்போதே வேனைக் கூப்பிட்டிருக்கலாம். அம்மா வீல்சேரில் இருந்ததால் சமாளித்தோம். அங்கே வயதானவர்கள் உட்கார இடம் அரிது.

வேன் வந்ததும் அந்த 20 நிமிடம் மறந்துபோயிற்று. டொயோட்டா கம்யூட்டர், நம் ஊர் டெம்போ டிராவலர் போன்ற உயரம். படியைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார், ஐம்பது வயது இருக்கும். பின்பக்கக் கதவைத் திறந்து ஒரு மர முக்காலியை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் காலடியில் போட்டு, ஆடுகிறதா என்று தன் காலால் மிதித்துப் பார்த்தார். பிறகு தன் முன்கையை நீட்டினார், அம்மா அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டுத்தான் முக்காலி வைத்திருந்தார் என்று அந்தப் பெண் சொன்னாள். இந்த ஒன்றுக்காகவே அந்த நிறுவனத்துக்கு நல்ல மதிப்பெண் போட்டேன், குறை இரண்டையும் எழுதிய பிறகும்.

அவருக்கு ஆங்கிலம் வராது. கைப்பேசியின் மொழிபெயர்ப்பில் மகன் தமிழைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான். அவர் தாய்லாந்து மொழியில் பேச, கைப்பேசி "பாட்டிக்குக் குளிர்ச்சி அதிகமாக உள்ளதா" என்று கேட்டது. அம்மா கைப்பேசியைப் பார்த்து, "இல்லப்பா, நல்லாருக்கு" என்றார். வழி முழுக்க இருவரும் இப்படியே பேசிக்கொண்டு வந்தார்கள். மாரியம்மன் கோயிலை அங்கே வாட் கேக் என்கிறார்கள். பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் வண்டி ஓட்டியபடியே தலையை ஆட்டினார், அவரும் அங்கே போகிறவராம்.

வேலை நாள் காலை என்பதால் விரைவுச்சாலையிலிருந்து சீலோம் பக்கம் இறங்கும் இடத்தில் வண்டிகள் நகரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மீட்டர் ஓடாததால் யாருக்கும் பதற்றமில்லை. ஹோட்டல் வாசலில் அதே முக்காலி மறுபடி இறங்கியது. அறை பிற்பகல் 2 மணிக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். பெட்டிகளை உள்ளே எடுத்து வைக்கும் வரை ஓட்டுநர் நின்றுவிட்டுத்தான் போனார். கணவர் 100 பாட் கொடுத்தார், கைகூப்பி வாங்கிக்கொண்டார்.

தோளில் ஒரு பையோடு போகிற இரண்டு இளைஞர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். சுகும்வித் பக்கம் தங்குகிறவர்கள் விமான நிலைய ரயிலில் ஏறி மக்கசானில் இறங்கி மெட்ரோ பிடித்துப் போய்விடலாம். நான் சொல்வது பெரியவர்களோடும் பெட்டிகளோடும் வருகிறவர்களுக்கு.

திரும்பும்போது கதை வேறு. கணவர் இன்னொரு தளத்தில் 500 பாட் குறைவாக வேன் ஒன்றைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தார். ஹோட்டல் வாசலுக்கு வந்தது வேன் இல்லை, ஏழு பேர் உட்காரும் கார். கடைசி வரிசையை நிமிர்த்தினால் பெட்டி வைக்க இடமில்லை, மடக்கினால் ஐந்து பேரும் பெட்டியும் நெருக்கியடித்தாலும் அடங்கவில்லை. பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார் ஓட்டுநர். அம்மாவின் காலை நீட்ட இடம் வேண்டும் என்று நாங்கள் ஒப்பவில்லை. ஹோட்டல் வாசல் ஊழியர் வேறு வேன் ஒன்றை ஏற்பாடு செய்தார். பணத்தைக் கேட்டபோது, வண்டி வந்தது, பயணிதான் மறுத்தார் என்று அந்த நிறுவனம் பதில் எழுதியது. பதிவுச் சீட்டில் வேன் என்று இருப்பதையும், திறந்த டிக்கியின் படத்தையும் அனுப்பிய பிறகு பாதிப் பணம் வந்தது. வண்டியை அனுப்பி வைப்பதற்கு முன் கணவர் அந்தப் படத்தை எடுத்திருக்காவிட்டால் அதுவும் வந்திருக்காது.

நேரத்தோடு கிளம்பியிருந்ததால் விமானத்தைத் தவறவிடவில்லை. பாஸ்போர்ட் சோதனை தாண்டியதும் பாற்கடல் கடையும் பெரிய சிற்பத்தின் முன்னால் அம்மா நிறைய நேரம் இருந்தார். இறங்கும் பயணிகள் கண்ணில் அது படாது, புறப்படும் பக்கத்தில்தான் இருக்கிறது.

சித்திரை விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு. சீலோம் சாலை நீர் விளையாட்டுக்கான முக்கியமான இடம், அந்த நாட்களில் பிற்பகலிலிருந்து இரவு வரை வண்டிகளை விட மாட்டார்கள். மாரியம்மன் கோயில் நவராத்திரி முடிவில் விஜயதசமி அன்று நடக்கும் ஊர்வலத்துக்கும் அந்தப் பகுதியில் போக்குவரத்தை நிறுத்துவார்கள். அந்த நாட்களில் சீலோமில் தங்குவதாக இருந்தால் காலையிலேயே இறங்கும் விமானத்தைப் பாருங்கள், பதிவு செய்வதற்கு முன் வேன் எந்த முனை வரை வரும் என்று ஹோட்டலிடமே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.